பத்து மில்லிநொடி

ஆறாம் நாளாக ஓத்தான் காற்று.
மூன்று நாள் அடிக்கும், இல்லை ஆறு, இல்லை ஒன்பது:
துலூஸில் எல்லோருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.
இந்தக் காற்றில் கிறுக்குப் பிடிக்கும் என்பதும் தெரியும்.
ரொட்டிக் கடைக்காரி மீதிச் சில்லறையை
என் கையில் வைக்காமல் மேசையில் எறிகிறாள்.
நானும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

செவ்வாயில் க்ரியோன்,
எங்கள் ஊர்ச் சில்வண்டின் பெயரைச் சுமக்கும் ஆறு சக்கரம்,
ஆறு விடியலிலும் எழுந்து எழுந்து விழுகிறது.

அதன் மூளையைப் பற்றிப் பெரிதாக எண்ணிக்கொள்ளாதீர்கள்.
என் வீட்டுச் சலவை இயந்திரத்தைவிடக்
கொஞ்சம் கெட்டிக்காரத்தனம், அவ்வளவே.
கதிர்வீச்சைத் தாங்கும், தோல் தடித்த சில்லு.
விழிக்கும் கணத்திலேயே நினைவகத்தைப்
பாகம் பிரித்துக் கொடுத்தாகிவிடும்:
சக்கரத்துக்கு இவ்வளவு, கேமராவுக்கு இவ்வளவு.
பிறகு யாரும் இன்னும் கொஞ்சம் என்று கையேந்தக் கூடாது.
ஏந்தினாலும் இட ஆளில்லை,
இருபது கோடி கிலோமீட்டருக்கு.

அதற்குள் ஒரு காவல்நாயும் உண்டு.
கடிகாரமும் பற்களும் மட்டுமே உள்ள நாய்.
நொடிக்கொரு கவளம் வைக்க வேண்டும்.
தவறினால் குரைக்காது.
கழுத்தைக் கவ்வி உலுக்கி
பிறந்த கணத்துக்கே கொண்டுபோய் விட்டுவிடும்.
எங்கே நிற்கிறோம், எதற்கு வந்தோம், எல்லாம் முதலிலிருந்து.

ஆறு விடியலும் கவளம் தவறியிருக்கிறது.
வைக்க வேண்டிய கை எங்கே போயிருந்தது?

ஃபெர்ரியோல் கதிர்த்துகளைச் சந்தேகித்தான்.
சூரியனிலிருந்து வந்த ஏதோ ஒன்று
பூஜ்யத்தை ஒன்றாக்கிவிட்டுப் போயிருக்கும் என்றான்.
"தினமும் அதே நேரத்துக்கா?" என்றாள் இராச்சே.
"சம்பளத்துக்கு வரும் துகளா அது?"
யாரும் சிரிக்கவில்லை.
நிலவறையில் கொட்டிய மணலில்
க்ரியோனின் இரட்டை, இருபது டிகிரி இதத்தில்,
ஒரு குறையுமில்லாமல் ஓடிக் காட்டியது.
சென்ற மாதம் அனுப்பிய திருத்தம் நாலாயிரம் வரி.
பருப்பில் கல் பொறுக்குவதுபோல் ஆளுக்கொரு பங்கு பார்த்தோம்.
கல் அகப்படவில்லை.

இரவு மூன்று மணி. வீடு.
கொக்கி கழன்ற சன்னல் கதவைக்
காற்று இழுத்து அறைகிறது.
அறைந்த உடனே மூடிவிடுவதில்லை அது.
மரம் மரத்தில் மோதித் துள்ளி, மறுபடி மோதி,
சின்னதாக, இன்னும் சின்னதாக,
பிறகுதான் அடங்குகிறது.
படுக்கையில் உட்கார்ந்து எண்ணினேன். ஏழு.

ரிலே.
குளிரில் விறைத்த உலோக நாக்கு
ஹீட்டரை மூட்டப் போய்த் தொடும்போது
இப்படித்தான் துள்ளும்.
ஒவ்வொரு துள்ளலும் செயலியின் தோளைத் தட்டும்:
தொட்டுவிட்டேன், இல்லை, தொட்டுவிட்டேன், இல்லை.
இந்த வாரம்தான் அங்கே மைனஸ் நூறைத் தாண்டியது.
தட்டியதற்கெல்லாம் திரும்பிப் பார்த்துப் பார்த்தே
கவளம் வைக்கும் வேளை போய்விட்டது.

பழைய பிரதியைத் திறந்தேன். ஒன்பது ஆண்டுக்கு முந்தையது.
பத்து மில்லிநொடி பொறு, என்று ஒற்றை வரி.
பக்கத்தில் குறிப்பு: "எடுக்காதே. அ.தெ."
ஏன் என்று இல்லை.
சென்ற மாதத்துப் பதிவேட்டில்:
"வீண் காத்திருப்பு, நீக்கப்பட்டது. அ.தெ."

அசலாயிஸ் தெல்மாஸ். இரண்டும் நான்.

நாங்கள் இருப்பதைத்தானே படித்தோம்.
இல்லாததை யார் படிப்பது?
ஒன்பது ஆண்டுக்கு முன் குளிர்ப்பெட்டியின் கண்ணாடி வழியே
எதையோ பார்த்திருக்கிறேன், பயந்திருக்கிறேன்.
பார்த்தது நினைவில்லை.
என் கழுத்தையும் ஏதோ ஒரு நாய் கவ்வியிருக்கிறது.

ஏழாம் காலை. காற்று ஓயவில்லை, ஆகவே ஒன்பதுதான்.
வரியைத் திரும்ப வைத்தோம். குறிப்பு இம்முறை பன்னிரண்டு வரி:
ரிலே, குளிர், சன்னல் கதவு, ஏழு.
"சன்னல் கதவு எதற்கு?" என்றான் ஃபெர்ரியோல்.
இருக்கட்டும் என்றேன்.

போக பதினொரு நிமிடம், வர பதினொரு நிமிடம்.
பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் பதில் வந்தது.
அங்கே விடிய இன்னும் ஐந்து மணி நேரம்.
ரொட்டி வாங்கப் போகிறேன்.